த்ரெட்டிங்: புருவத்தில் எதைக் கோக்கிறார்கள்?

அக்கா மகள் அழகுக்கலைப் பயிற்சிக்குப் போகிறாள். அங்கே கொடுத்த பாடக்குறிப்பில், நூலால் புருவ முடியை எடுக்கும் ஐப்ரோ த்ரெட்டிங்குக்கு 'புருவ நூல் கோர்ப்பு' என்று போட்டிருந்தது. இதே சொல்லை இரண்டு விலைப்பட்டியல்களில் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள்தான் நான். பாடத்திலேயே வந்துவிட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

ஆங்கிலத்தில் த்ரெட் என்றால் நூல். அதன் பழைய வேருக்கு முறுக்குதல் என்று பொருள். வினையாக வந்தால் பெரும்பாலும் ஊசியில் நூல் கோப்பது. மொழிபெயர்த்தவர் அகராதியில் அந்த வரியோடு நின்றுவிட்டார். ஒரு பார்லருக்குள் எட்டிப் பார்த்திருந்தால் போதும்.

நடப்பது என்ன? பருத்தி நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மீதியைக் கைகளில் பிடித்து நடுவே சில சுற்று முறுக்குகிறார்கள். விரல்களை விரித்துச் சேர்க்கும்போது அந்த முறுக்கு முன்னும் பின்னும் ஓடி, வழியில் அகப்படும் முடியை வேரோடு இழுத்துவிடுகிறது. உட்கார்ந்திருப்பவர் இமையையும் நெற்றியையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விடுவார். நூல் எதற்குள்ளும் நுழைவதில்லை. கோப்பது சேர்க்கிற வேலை, இது நீக்குகிற வேலை.

இன்னொரு வம்பும் இருக்கிறது. தோலுக்கு அடியில் நூலைச் செலுத்தித் தொங்கும் புருவத்தையோ கன்னத்தையோ தூக்கி நிறுத்தும் த்ரெட் லிஃப்ட் என்ற சிகிச்சை. 'நூல் கோப்பு' எதற்காவது பொருந்துமென்றால் அதற்குத்தான். இரண்டும் ஒரே விலைப்பட்டியலில் வந்தால் என்ன செய்வார்களோ!

அப்புறம் அந்த 'ர்'. பூவைக் கோக்கிறோம், கோத்தோம்; 'கோர்ப்பு' எனக்கு ஒப்பாது. ஆனால் 'ர்'-ஐ எடுத்தால் கோப்பு ஆகிவிடுகிறது. தாள்களைக் கோத்து வைப்பதால் ஃபைலுக்கு வந்த பெயர். "புருவத்துக்கு ஃபைல் போடுறாங்களா சித்தி?" என்றாள் அக்கா மகள்.

தூய தமிழ் அன்பர்கள் சிலர் 'இழைமழிப்பு' என்கிறார்கள். அதுவும் ஆகாது. மழித்தல் கத்தி வேலை. 'மழித்தலும் நீட்டலும் வேண்டா' என்ற குறளில் வருவது அதுதான். மழித்தால் வேர் உள்ளேயே இருக்கும், சில நாளில் கையில் குத்தும். நூலால் எடுத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். மாணவிக்கு முதலில் சொல்லித்தர வேண்டிய வேறுபாட்டையே இந்தச் சொல் அழித்துவிடுகிறது. மழி, சிரை, கத்தரி, பறி, களை என்று முடிக்கு இத்தனை வினை வைத்திருக்கிற மொழியில் ஏன் இந்தத் தடுமாற்றம்?

எகிப்தில் இதற்கு ஃபத்லா என்று பெயர், முறுக்கியது என்று பொருள். சீனாவில் திருமணத்துக்கு முன் மணப்பெண்ணின் முகத்து முடியை நூலால் எடுக்கும் சடங்குக்கு 'முகம் திறத்தல்' என்று பெயர். வேலையைப் பார்த்து வைத்த பெயர்கள்.

நம் பெண்களும் வேலையைப் பார்த்துத்தான் 'புருவம் திருத்தணும்' என்கிறார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நிலத்தைத் திருத்துவதுபோல, வேண்டாததைக் களைந்து வடிவுக்குக் கொண்டுவருவது. கருவியைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் 'நூலால் புருவம் திருத்துதல்'. மேலுதட்டில் திருத்த வடிவம் ஏதும் இல்லை; அங்கே 'நூலால் முடி களைதல்' போதும். ஒரே சொல்லாக ஒட்டினால்தான் கலைச்சொல் என்று யார் சொன்னது? வாடிக்கையாளரிடம் த்ரெட்டிங் என்று சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை. அது கடன், 'நூல் கோர்ப்பு' பிழை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அக்கா மகள் கேட்டாள்: "பரீட்சையில எதை எழுத?" மார்க் வேண்டுமென்றால் கோர்ப்பையே எழுது என்றுதான் சொன்னேன்.