யூகானுக்கு வேட்டைக்குப் போகிறீர்களா? முதலில் உங்கள் டாக்டரைப் பாருங்கள்

செப்டம்பர் வந்துவிட்டால் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வேட்டை உடுப்போடு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். கனடாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் யூகானின் தலைநகரம் வைட்ஹார்ஸ். இங்கே எனக்கு இது பதினோராவது இலையுதிர்காலம். கத்தி பட்ட விரல், திருகிப்போன முழங்கால், நனைந்து விறைத்து வந்தவர் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. இந்த வருடம் ஒருவர் மேல் வந்தது. அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அவருக்கு 61 வயது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அமெரிக்காவிலிருந்து மூஸ் என்ற பெரிய மானின் வேட்டைக்கு வந்தவர். இரண்டு வருடம் முன்பே பாதிப் பணம் கட்டி இடம் பிடித்து வைத்திருந்தார். முகாமில் நான்காம் நாள் மாலை, சுட்ட மூஸின் இறைச்சியைச் சுமந்து ஏரிக்கரைக்கு வரும் வழியில் நெஞ்சை அழுத்தியிருக்கிறது. சுமைப் பையின் வார் இறுக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு படுத்துவிட்டார். விடியற்காலையில் வியர்த்துக் கொட்டியபோதுதான் கைடிடம் வாய் திறந்தார். கைடு ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சாட்டிலைட் கருவியில் செய்தி அனுப்பினார். ஆனால் பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. ஹெலிகாப்டர் இறங்கியது பிற்பகலில். எங்களிடம் வந்து சேர்ந்தபோது வலி தொடங்கி 22 மணி நேரம் ஆகியிருந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் மாரடைப்பில் இதயத் தசையின் ஒரு பெரிய பகுதி போய்விட்டது.

வான்கூவருக்கு அனுப்ப ஏற்பாடு செய்துகொண்டே அவர் மனைவியிடம் போனில் பேசினேன். மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுகுகிறது என்று ஜூன் மாதத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாராம். வேட்டைப் பயணத்தை நடத்துகிற அவுட்ஃபிட்டர் கொடுத்த மருத்துவப் படிவத்தில் என்ன எழுதினார் தெரியுமா? ‘ஒன்றும் இல்லை.’ உண்மையைச் சொன்னால் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், கட்டிய பணம் போய்விடும் என்று பயம்.

இது நடந்த அதே வாரம், டொராண்டோவிலிருந்து என் தோழியின் தம்பி கூப்பிட்டார். அடுத்த வருடம் யூகானுக்கு வருகிறாராம், முன்பணம் கட்டிவிட்டாராம். வயது 52, சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. டாக்டரிடம் கேட்டீர்களா என்றேன். “கைடு இருக்கிறார்தானே அக்கா, சாட்டிலைட் போனும் இருக்கு. பிறகென்ன பயம்?”

இந்த வாக்கியத்தை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன்!

சரி, கைடு எதற்கு இருக்கிறார் என்பதைப் பார்ப்போம். யூகானில் குடியிராதவர் மூஸ், கரடி, டால் என்ற காட்டுச் செம்மறி போன்ற பெரிய விலங்குகளை வேட்டையாடக் கைடு இருந்தாக வேண்டும் என்பது சட்டம். வெளிநாட்டவர் பதிவுபெற்ற அவுட்ஃபிட்டர் மூலம்தான் வர முடியும். செம்மறிக் கிடாவின் கொம்பு முழுச் சுற்று வந்திருக்கிறதா, இல்லையென்றால் அதற்கு 8 வயதாவது ஆகிவிட்டதா என்று தொலைநோக்கியில் பார்த்து, அதைச் சுடலாமா என்று சொல்வது கைடின் வேலை. இறைச்சியை வீணாக்காமல் கொண்டுவர வைப்பதும், ஆற்றை எங்கே கடக்கலாம் என்று காட்டுவதும் அவர்தான். முதலுதவி தெரிந்திருக்கும். நான் பார்த்த கைடுகள் பெரும்பாலும் அருமையான மனிதர்கள். ஆனால் நீங்கள் மறைத்த நெஞ்சுவலி அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தாலும் அந்தக் கூடாரத்தில் என்ன செய்ய முடியும்? அவரிடம் ஈ.சி.ஜி. கிடையாது, ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கிடையாது.

அடுத்து, சாட்டிலைட் கருவியில் ஆபத்துக்கு அழுத்தும் அந்த எஸ்.ஓ.எஸ். பொத்தான். அதை அழுத்தினால் ஆம்புலன்ஸ் கிளம்பிவிடுகிறது என்று நினைக்கிறார்கள். கிளம்புவது ஒரு செய்தி மட்டும்தான். அது எங்கோ இருக்கும் ஒரு கண்காணிப்பு மையத்துக்குப் போகும். அவர்கள் இங்கே ஆர்.சி.எம்.பி. என்ற கனடா மத்திய போலீசை அழைப்பார்கள். அந்தப் போலீசார் ஒரு ஹெலிகாப்டரைத் தேடிப் பிடிக்கவேண்டும். அது வேறு வேலைக்குப் போகாமல் இருக்கவேண்டும், விமானி பறக்கும் நேர வரம்பைத் தாண்டாமல் இருக்கவேண்டும், பள்ளத்தாக்கு கண்ணுக்குத் தெரியவேண்டும், இறங்கச் சமதளம் வேண்டும், பொழுது சாயாமல் இருக்கவேண்டும். வாடகைக்கு வரும் ஹெலிகாப்டர்களில் பலவற்றில் ஆளைக் கயிற்றில் தூக்கும் வசதி இல்லை. ராணுவத்தின் மீட்பு ஹெலிகாப்டர்கள் இருப்பது பிரிட்டிஷ் கொலம்பியாவின் கோமாக்ஸில், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தெற்கே. இதெல்லாம் கூடிவந்து என் வாசலுக்கு வந்தாலும், யூகானில் எங்கேயும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய முடியாது. அதற்கு இன்னொரு விமானம், வான்கூவருக்கு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நான் கொடுக்க முடியும். அது முதல் சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். 12 மணி நேரம் தாண்டியபின் அதைப் பெரும்பாலும் கொடுப்பதில்லை. 22 மணி நேரம் கழித்து வந்தவருக்கு நான் எதைக் கொடுப்பது?

நாலு லட்சத்து எண்பதாயிரம் சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஐம்பதாயிரத்துக்கும் குறைவான பேர்தான் வாழ்கிறோம், அதிலும் முக்கால்வாசிக்கு மேல் வைட்ஹார்ஸில்தான். மிதவை விமானம் உங்களை ஏரியில் இறக்கிவிட்டுத் திரும்பிப்போன பிறகு பக்கத்தில் யாரும் இல்லை. அதற்காகத்தானே வருகிறீர்கள்? அப்படியானால் அதற்கு ஏற்ற மாதிரி தயாராகி வாருங்கள்.

துப்பாக்கிக்கும் பூட்ஸுக்கும் ஒரு வருடம் ஆராய்ச்சி செய்கிறீர்கள். உடம்புக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 45 வயதைத் தாண்டியவர், சர்க்கரை, அழுத்தம், புகைப்பழக்கம், குடும்பத்தில் இதயநோய் இவற்றில் ஏதாவது இருப்பவர், முன்பணம் கட்டும் முன்பே டாக்டரிடம் போங்கள். “வேட்டைக்குப் போகிறேன்” என்று மட்டும் சொல்லாதீர்கள், அவர் பூங்காவில் நடப்பது மாதிரி நினைத்துக்கொள்வார். 30 கிலோவைச் சுமந்துகொண்டு பாதையில்லாத மலைச்சரிவில் ஏறப்போகிறேன் என்று சொல்லுங்கள். ட்ரெட்மில் பரிசோதனை வேண்டுமா என்று அவர் முடிவு செய்யட்டும். அப்புறம், பையில் எடையை வைத்துக்கொண்டு ஆறு மாதமாவது படி ஏறிப் பழகுங்கள். அப்போது நெஞ்சு இறுகினால், தாடை வலித்தால், வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்கினால் அன்றைக்கே சொல்லுங்கள்.

இன்சூரன்ஸ் பத்திரத்தை முழுதாகப் படியுங்கள். வேட்டைக்கு விலக்கு இருக்கிறதா பாருங்கள். பல பாலிசிகளில், ஏற்கெனவே உள்ள நோய் 90 அல்லது 180 நாள் மாற்றமில்லாமல் இருக்கவேண்டும் என்று நிபந்தனை உண்டு. கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது மாத்திரையின் அளவை மாற்றினால்கூட அது முறிந்துவிடும். டாக்டரிடம் சீக்கிரம் போகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஒன்டாரியோ மாகாண அரசின் ஹெல்த் கார்டு இங்கே மருத்துவமனைச் செலவுக்குச் செல்லுபடியாகும், ஆம்புலன்ஸ் விமானச் செலவுக்குச் செல்லுபடியாகாது. பயண ரத்துக் காப்பீட்டை முன்பணம் கட்டும்போதே எடுத்துவிடுங்கள். பணம் போகாது என்று தெரிந்தால் படிவத்தில் பொய் எழுதத் தோன்றாது.

மாத்திரைகளை இரண்டு பங்காக்கி இரண்டு பைகளில் வையுங்கள், வானிலை கெட்டால் விமானம் வர நாலைந்து நாள் தாமதமாகும். இன்சுலினை உள்சட்டைப் பையில், உடம்போடு ஒட்டி வையுங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலினைத் தூக்கி எறியத்தான் வேண்டும். பருத்தி உடுப்பு வேண்டாம். பிளேடு மாற்றுகிற கத்தி சர்ஜரி பிளேடு மாதிரியே வெட்டும், தசைநாண் வரை போய்விடும். தோலுரிக்கும்போது ஒரே விலங்கின் உடலுக்குள் இரண்டு பேர் கை விடாதீர்கள். கரடி இறைச்சியை உறையவைத்தால் புழு செத்துவிடும் என்று நம்பாதீர்கள். வடக்கே உள்ள டிரிக்கினெல்லா என்ற அந்தப் புழு குளிருக்குச் சாகாது. 2022-ல் சஸ்காட்சுவானில் வேட்டையாடிய கரடியை 45 நாள் உறையவைத்துச் சாப்பிட்ட ஒரு குடும்பத்தில் ஆறு பேருக்கு அந்தப் புழுநோய் வந்தது. உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வரும்வரை வேகவேண்டும்.

கைடிடம் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். என்ன நோய், என்ன மாத்திரை, எந்தப் பையில் இருக்கிறது என்று. வலி வந்தால் அந்த நிமிடமே சொல்லுங்கள், ராத்திரி படுத்துப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். கூடப் பிறந்தவளாக நினைத்துக் கேட்கிறேன்.

தோழியின் தம்பியிடம் அரை மணி நேரம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்சம் கோபமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, மறுமுனையில் சத்தமே இல்லை. நேற்று மெசேஜ் அனுப்பியிருக்கிறார், வரும் 14-ஆம் தேதி ட்ரெட்மில் டெஸ்ட்டாம். அறிக்கை வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.