சைக்ஸ்: ஒரு குடும்பப் பெயரும் அதைப் பின்தொடரும் குரோமோசோமும்

இங்கிலாந்தின் வடபகுதியில், குறிப்பாக மேற்கு யார்க்ஷயரின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளில், சைக்ஸ் என்னும் குடும்பப் பெயர் பல நூற்றாண்டுகளாக வேரூன்றியிருக்கிறது. ஈர நிலத்தின் ஊடே ஓடும் சிற்றோடையையும், வயல்களுக்கு எல்லையாக அமைந்த நீர்ப்பள்ளத்தையும் அவ்வட்டார மக்கள் 'சைக்' என்று அழைத்தார்கள். அத்தகைய ஓடையின் கரையில் குடியிருந்தவருக்கு அதுவே அடையாளப் பெயராயிற்று. தொழிலால் வந்த ஸ்மித், தந்தையின் பெயரால் வந்த ஜான்சன் போன்றவற்றோடு ஒப்பிட்டால், சைக்ஸ் நில அமைப்பால் வந்த பெயர்களின் வகையைச் சேர்ந்தது.

இத்தகைய பட்டப்பெயர்கள் தொடக்கத்தில் ஒரு மனிதரோடு முடிந்துவிட்டன. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின், நிலவுடைமைப் பிரபுக்கள் தங்கள் பெயர்களைப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லத் தொடங்கினார்கள். அவ்வழக்கம் படிப்படியாகக் குடியானவர்களிடமும் பரவியது. பண்ணை நீதிமன்றப் பதிவேடுகளில் நிலக் குத்தகை தந்தையிடமிருந்து மகனுக்கு மாறியபோது, உரிமையை நிலைநாட்ட இருவருக்கும் ஒரே பெயர் இருப்பது பயன்பட்டது. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் விதிக்கப்பட்ட தலைவரிக்காக எழுதப்பட்ட பட்டியல்களைப் பார்க்கும்போது, இப்பெயர்கள் பரம்பரைப் பெயர்களாக உறைந்துகொண்டிருந்த காலத்தையே நேரில் காண்கிறோம்.

தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வது பெயர் மட்டுமன்று. ஆண்களிடம் மட்டுமே இருக்கும் ஒய் குரோமோசோமும் அதே வழியில்தான் செல்கிறது. மற்ற குரோமோசோம்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் தம் இணையோடு துண்டுகளைப் பரிமாறிக்கொள்வதால், பத்துத் தலைமுறைக்கு முந்தைய ஒரு மூதாதையின் பங்கு நம்மிடம் சிதறிப்போய் இருக்கும். ஒய் குரோமோசோமின் பெரும்பகுதிக்கோ பரிமாறிக்கொள்ள இணை கிடையாது. எனவே அது ஏறத்தாழ அப்படியே படியெடுக்கப்படுகிறது. அதன் சில இடங்களில் நான்கைந்து டிஎன்ஏ எழுத்துகள் கொண்ட சிறு தொடர், பத்துப் பதினைந்து முறை திரும்பத் திரும்ப வரும். அந்த எண்ணிக்கை, ஓர் இடத்தில் சராசரியாகச் சில நூறு தலைமுறைகளுக்கு ஒருமுறைதான் மாறுகிறது. அத்தகைய பல இடங்களின் எண்ணிக்கைகளை வரிசையாக எழுதினால், அதுவே ஒரு தந்தைவழி மரபின் கையொப்பமாகிவிடும். எழுநூறு ஆண்டுகளில் இருபத்தைந்து தலைமுறை அளவே கடந்திருக்கும் என்பதால், கையொப்பம் பெரிதும் மாறாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பழங்கால எலும்புகளிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுத்த முன்னோடிகளுள் ஒருவரான ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ், இதைத் தன் சொந்தப் பெயரிலேயே சோதித்துப் பார்த்தார். மருந்து நிறுவனமான கிளாக்ஸோவின் தலைவராக அப்போது இருந்த சர் ரிச்சர்டு சைக்ஸிடம் மாதிரி பெற்று ஒப்பிட்டபோது, உறவு எதுவும் அறியாத அந்த இருவரின் கையொப்பமும் ஒத்துப்போயிற்று. அதன்பின் பிரையன் சைக்ஸும் கேத்தரின் அர்வெனும் சைக்ஸ் பெயர் கொண்ட 48 ஆண்களை ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். ஓடைகள் எங்கும் உள்ள நாட்டில் இப்பெயர் பலரிடம் தனித்தனியே தோன்றியிருக்கும் என்பதுதான் இயல்பான எதிர்பார்ப்பு. ஆனால் 48 பேரில் 21 பேருக்கு, அதாவது 43.8 விழுக்காட்டினருக்கு, ஒரே கையொப்பம் இருந்தது. ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்ட பிற ஆண்களிடம் அது காணப்படவில்லை.

இதிலிருந்து, இன்றைய சைக்ஸ்கள் ஒரே மூதாதையின் வழிவந்தவர்களாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். கையொப்பம் வேறுபட்ட மற்றவர்களின் முன்னோர் வரிசையில் எங்கோ பெயரும் குருதியும் பிரிந்திருக்க வேண்டும். தத்தெடுத்த மகன், தாயின் பெயரைப் பெற்ற மகன், சொத்துக்காக மனைவி வீட்டுப் பெயரை ஏற்ற கணவன், திருமண உறவுக்கு வெளியே பிறந்த பிள்ளை என்று அதற்குப் பல வழிகள் உண்டு. இத்தகைய முறிவு தலைமுறைக்கு ஏறத்தாழ 1.3 விழுக்காடு மட்டுமே என்பது அவர்களின் கணக்கு.

எனக்கு இந்த ஆய்வின் மிகச் செழுமையான பகுதி, அதற்குப் பின்னால் எழுந்த விவாதமே. அந்த ஆய்வு பார்த்தது ஒய் குரோமோசோமின் நான்கு இடங்களை மட்டுமே. அது மிகக் குறைவு. லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டூரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும் 40 பிரிட்டானியக் குடும்பப் பெயர்களைக் கொண்ட 1,678 ஆண்களை இன்னும் நுணுக்கமாக ஆராய்ந்து 2009இல் எழுதினார்கள். ஸ்மித் என்ற பெயரினரிடம் பொதுமக்களிடம் காணும் அதே பன்முகத்தன்மைதான் இருந்தது. ஆட்டன்பரோ போன்ற அரிய பெயரினரிடம் பெரும்பாலோர் ஒரே மரபைச் சேர்ந்திருந்தார்கள். ஆயினும் ஒரே மரபு மிகுந்திருப்பதால் மட்டுமே ஒருவர்தான் தொடக்கம் என்று சொல்லிவிட முடியாது. மகன் இல்லாமல் ஒருவர் இறந்தால் அவருடைய தந்தைவழி அங்கே முடிந்துவிடும். 1348இல் வந்த கொள்ளைநோய் அப்படிப் பல குடும்பங்களை அழித்தது. ஒரே பெயரோடு தொடங்கிய பல குடும்பங்களில் ஒன்று மட்டும் தற்செயலாகப் பல மகன்களைப் பெற்றுப் பெருகினால், சில நூற்றாண்டுகளுக்குப் பின் அதுவே முழுப் பெயருக்கும் உரியதுபோல் தோன்றும். சைக்ஸ் பெயருக்கும் இவ்விளக்கம் பொருந்தக்கூடியதே. பழைய ஆவணங்களையும் சேர்த்துப் படித்தால்தான் இரண்டில் எது நடந்தது என்பதை எடைபோட முடியும்.

இப்பெயரைப் புகழ்பெறச் செய்தவர்கள் ஒருவருக்கொருவர் தொடர்பற்ற துறைகளைச் சேர்ந்தவர்கள். பம்பாய்ப் படையில் பணியாற்றிய வில்லியம் ஹென்றி சைக்ஸ், தக்காணத்தின் பறவைகளைத் தொகுத்து 1832இல் வெளியிட்ட பட்டியலால் அறியப்படுகிறார். தக்காணத்தின் வறண்ட வெளிகளில் வாழும் கொண்டையுடைய ஒரு வானம்பாடி இனம் இன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. கிழக்கு யார்க்ஷயரின் ஸ்லெட்மியர் மாளிகைக்கு உரிய மார்க் சைக்ஸ், ஒட்டோமான் பேரரசின் அரபு நிலங்களைப் பங்கிட 1916இல் பிரான்ஸின் தூதர் பிக்கோவோடு செய்த உடன்பாட்டால் இன்றளவும் பேசப்படுகிறார். அவர் 1919இல் பாரிஸில் ஸ்பானிஷ் ஃப்ளூவால் இறந்து ஈயப் பெட்டியில் அடக்கம் செய்யப்பட்டார். அந்த வைரஸின் தடயத்தைத் தேடி 2008இல் அவரது கல்லறையைத் திறந்த ஆய்வாளர்கள், பெட்டி பிளந்து உடல் பெரிதும் சிதைந்திருந்தபோதும், திசு மாதிரிகளை எடுத்துச் சென்றார்கள். ஓல்டமில் பிறந்த நகைச்சுவை நடிகர் எரிக் சைக்ஸ் பிரிட்டனின் வீடுகளில் எல்லோரும் அறிந்த முகமாக இருந்தார்.

இவர்கள் ஒரே மரபினரா என்பதைப் பெயரைக் கொண்டு மட்டும் சொல்ல இயலாது. ஒரே பெயருடைய, உறவறியாத ஆண்களை 150 இணைகளாகச் சேர்த்து கிங்கும் ஜாப்லிங்கும் 2006இல் செய்த சோதனையில், ஏறத்தாழ கால்பங்கு இணைகளே அண்மைக் காலப் பொது மூதாதையைக் காட்டின. பெயர் எவ்வளவு அரிதோ, வாய்ப்பு அவ்வளவு கூடியது. குற்ற இடத்தில் கிடைத்த டிஎன்ஏவிலிருந்து, தேட வேண்டியவரின் குடும்பப் பெயரை ஊகித்து விசாரணை வட்டத்தைச் சுருக்கலாம் என்ற யோசனையை அவர்கள் முன்வைத்ததும் இந்த அரிய பெயர்களை நம்பித்தான்.