வெயில்ல ஆயில் போர்ட்ரெய்ட் வரையப் போறீங்களா, முதல்ல குடைய எடுங்க

போன மாசம் ஒரு தம்பி தன் தாத்தாவை வரைஞ்சு எடுத்துட்டு வந்தாரு. மொட்டை மாடில உக்கார வச்சு காலை வெயில்ல மூணு நாள் வேலையாம். "அண்ணே, மாடில சூப்பரா இருந்துச்சு, ஹாலுக்குக் கொண்டுவந்தா தாத்தா கரண்ட் போன வீட்ல உக்காந்திருக்க மாதிரி இருக்காருண்ணே"ன்னு முகம் வாடிப்போச்சு. ட்ராயிங்ல குறையே இல்ல, மூக்கு, காது, தாடைச் சுருக்கம் எல்லாம் சரி. நான் கேட்டது ஒன்னே ஒன்னுதான், கேன்வாஸ் எங்க இருந்துச்சு? அதுவும் தாத்தாவோட சேர்ந்து வெயில்லயே இருந்திருக்கு.

கேன்வாஸ் மேல நேரா வெயில் விழுந்தா நாம வைக்கிற கலர் எல்லாம் ரொம்ப வெளிச்சமா தெரியும், உடனே கை தானா டார்க்கா கலக்க ஆரம்பிச்சிடும், வீட்டுக்குள்ள வந்தாதான் குட்டு வெளிப்படும். ரொம்ப இருட்டான நிழல்ல வச்சு வரைஞ்சா இதுக்கு நேர் எதிரா வெளிறிப்போயிடும். அதனால கேன்வாஸும் கலர் கலக்குற பலகையான பேலட்டும் ஒரே வெளிச்சத்துல, மிதமான நிழல்ல இருக்கணும். குடை கருப்பு இல்லன்னா சாம்பல் கலர்ல இருக்கட்டும், ஜவுளிக்கடைல ஓசில குடுத்த சிவப்புக் குடையைப் பிடிச்சீங்கன்னா கேன்வாஸ் மேல சிவப்பு வெளிச்சம் விழுந்து எந்தக் கலரும் சரியா தெரியாது. கூலிங் கிளாஸ் போட்டுட்டு வரையவே வரையாதீங்க. வெள்ளை கேன்வாஸ் கண்ணைக் கூசுச்சுன்னா முதல்லயே மெல்லிசா சாம்பலோ பிரவுனோ ஒரு கோட் அடிச்சுக் காயவச்சிடுங்க.

அடுத்தது முகம். போட்டோ பாத்தே பழகுனவங்க நிழல்னா கருப்பைத் தொட்டுடுவாங்க. நம்ம மாநிறத் தோலை மரத்தடில உக்கார வச்சு நிதானமா பாருங்க, நெத்தியும் மூக்குத்தண்டும் வானத்தோட நீலத்தை வாங்கியிருக்கும், தாடைக்கு அடியில தரையோட சூடு தெரியும், செம்மண்ணா இருந்தா ஆரஞ்சே அடிக்கும். இது பிடிபட்டா பாதி போர்ட்ரெய்ட் முடிஞ்ச மாதிரி. உச்சி வெயில்ல மட்டும் யாரையும் உக்கார வைக்காதீங்க, கண்ணு ரெண்டும் குழியாத்தான் தெரியும், பாவம் அவங்களும் மனுஷங்கதானே.

ஒரு உக்காரல்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல போகாதீங்க, நிழல் நகர்ந்துடும். நகர்ந்த நிழலைத் துரத்துனா மூக்குக்கு ரெண்டு நிழல் வந்து நிக்கும். மறுநாள் அதே நேரத்துக்கு வாங்க. ஜான் சிங்கர் சார்ஜென்ட்ங்கிற ஓவியர் 1885-86ல 'கார்னேஷன், லில்லி, லில்லி, ரோஸ்' படத்தை இப்படித்தான் வரைஞ்சாரு, சாயங்காலம் அந்த வெளிச்சம் நிக்கிற சில நிமிஷம் மட்டும்தான் பிரஷ், அப்புறம் மூட்டை கட்டிடுவாரு.

இப்ப பயமுறுத்தப் போறேன். ஆயில் கலர்ல இருக்க லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், தண்ணி மாதிரி ஆவியாகிக் காயாது, காத்துல இருக்க ஆக்சிஜனோட சேர்ந்துதான் இறுகும், அப்போ சூடு கிளம்பும். பிரஷ் துடைச்ச துணியைக் கசக்கி சுருட்டி வச்சா அந்தச் சூடு வெளிய போக வழியில்லாம ஏறி ஏறி தானாவே தீப்பிடிக்கலாம். ஆரம்பத்துல நானும் அப்படித்தான் ஒரு பிளாஸ்டிக் பைல அமுக்கி ஸ்கூட்டர் டிக்கில போட்டு வெயில்ல நிறுத்திட்டு சாப்பிடப் போனேன், வந்து திறந்தா ஒரு கருகல் வாடை, பைல கை வைக்க முடியல. டிக்கிக்குப் பக்கத்துலயே பெட்ரோல் டேங்க்!

பிரஷ் கழுவுற டர்பன்டைன்லயும் கவனம் வேணும், வெளியிலதானே காத்து வருதுன்னு மூடாம மூஞ்சிக்கு நேரா வச்சுக்கிட்டா தலைவலி நிச்சயம். அழுக்கான டர்பன்டைனை மண்ணுல கொட்டாதீங்க, பாட்டில்ல ஊத்தி வச்சா கசடு அடியில தங்கிடும், மேல தெளிஞ்சதைத் திரும்ப யூஸ் பண்ணலாம். கைய அதுல கழுவாதீங்க, தேங்காய் எண்ணெய் தேய்ச்சுட்டு சோப்பு போட்டா போதும். ஃபிளேக் ஒயிட்ங்கிற வெள்ளைக் கலர்ல ஈயம் இருக்கு, கத்துக்கிறப்போ டைட்டானியம் ஒயிட்டே போதும். கேட்மியமும் விஷம்தான், அந்தக் கலர் ஒட்டுன கையோட வடை சாப்பிடுற ஆளுங்களை நான் தினமும் பாக்குறேன்.

அந்தத் துணி கருகுன அன்னைலருந்து வண்டில ஒரு மூடி போட்ட பழைய பெயின்ட் டப்பா, பாதித் தண்ணியோட. துணி அதுக்குள்ள போனப்புறம்தான் கேன்வாஸ் வைக்கிற ஸ்டாண்டையே மடக்குவேன்.