றிக்கிங் என்பதற்குத் தமிழ்: கயிறு பூட்டுதல்

மரத்தில் மாதிரிக் கப்பல் செய்வதற்கான செய்முறைக் குறிப்பு தமிழிலேயே வந்திருக்கிறது என்று தெரிந்த தம்பி ஒருவர் அனுப்பியிருந்தார். ஆசையாகத் திறந்தேன். 'நிற்கும் மோசடியை முதலில் முடிக்கவும். அதன் பிறகு ஓடும் மோசடியைத் தொடங்கவும்.' அதற்குக் கீழே, 'இறந்த கண்களை இருபுறமும் சம இடைவெளியில் பொருத்தவும்.' இயந்திரம் மொழிபெயர்த்ததை ஒரு மனிதர் ஒருமுறைகூட வாசித்துப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுத்திருக்கிறார். தேர்தலில் நடக்கும் தில்லுமுல்லான றிக்கிங்குக்கும் கப்பலில் பாய்மரத்தையும் பாயையும் பிடிக்கிற கயிறுகளான றிக்கிங்குக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டு என்பதால் வந்த வினை. தேர்தலுக்குக்கூட எங்கள் ஊரில் யாரும் மோசடி என்று கதைப்பதில்லை. கள்ளவோட்டு என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

மோசடியைச் சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம், அது பிழை என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கு எரிச்சல் தருவது, படித்தவர்கள் யோசித்து உருவாக்கி, இப்போது படவிளக்கங்களிலும் காணொளிகளிலும் கப்பல் றிக்கிங்குக்கு அடிக்கடி காதில் விழுகிற 'கயிற்றமைப்பு'. அது பிழை என்று சொன்னால் 'அதில் என்ன பிழை?' என்று கேட்கிறார்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் சொல்லின் பிறப்பு. கப்பலோடு சேர்ந்த றிக் என்ற வினை 15ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஆங்கிலத்தில் தலைகாட்டுகிறது. ஸ்கண்டிநேவியப் பக்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்பது அகராதிக்காரரின் கருத்து. நோர்வீஜிய மொழியில் அதற்குக் கட்டு, சுற்று என்று பொருள். தில்லுமுல்லுப் பொருள் தருகிற றிக் மிகவும் பிந்தியது, மூலம் தெளிவில்லாதது, அகராதிகள் வேறாகப் பதிவுசெய்யும் சொல். கப்பல் சொல் வினையாகப் பிறந்தது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மிச்ச வாதம் முழுவதும் அதிலேதான் தொங்குகிறது.

பாய்க்கப்பலில் கயிறு இரண்டு வகை. ஒன்று பாய்மரத்தை விழாமல் பிடித்துவைக்கிறது. ஒருமுறை இறுக்கிக் கட்டிவிட்டால் அதை மாலுமி தினமும் தொடுவதில்லை. மழைக்கும் உப்புக்கும் தாங்குவதற்குத் தார் பூசுவார்கள், ஆகவே அது கறுப்பு. மற்றது பாயை ஏற்ற, இறக்க, திருப்ப, சுருக்க. கப்பிகளுக்குள்ளால் ஓடி மாலுமியின் கையில் முடிகிற கயிறு. கை படுகிற இடம் என்பதால் தார் இல்லை, நாரின் இயல்பான வெளிர்மஞ்சள். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் இன்றும் நிற்கிற, 1765இல் நீரில் இறக்கப்பட்ட விக்ரறி என்ற போர்க்கப்பலில் ஏறத்தாழ 26 மைல் கயிறு இருந்ததாகச் சொல்வார்கள். மாதிரி செய்கிறவன் அதையெல்லாம் கறுப்பு நூல், மஞ்சள் நூல் என்று இரண்டு உருளைகளோடு மேசையில் திரும்பக் கட்டுகிறான். நூலைத் தேன்மெழுகில் இழுத்துவிட்டுக் கட்டினால் மயிர் சிலிர்க்காது. பாய்மரத்தின் தலையில் ஒரே கயிற்றை மடித்துப் போட்டு இரண்டு கால்களாகக் கீழே இறக்குவதும், முதற் சோடியை வலப்பக்கம் முன்னாலிருந்து தொடங்குவதும் பழைய கப்பல்களின் முறை. இப்படி இறங்குகிற பக்கக் கயிறுகளின் குறுக்கே மாலுமி ஏறுவதற்குப் படிக்கயிறு போடவேண்டும். உண்மைக் கப்பலில் இரண்டு படிகளுக்கு இடையில் ஏறத்தாழ 15 அங்குலம். 64இல் ஒரு பங்கு அளவில் செய்தால் அது 6 மில்லிமீற்றர். ஒவ்வொரு குறுக்கிலும், இரண்டு சுற்றுச் சுற்றித் தன்னையே கவ்விக்கொள்ளும் முடிச்சு ஒன்று. கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டால் இரண்டு பக்கக் கயிறுகளும் இடுப்பு ஒடுங்கினதுபோல உள்வாங்கிவிடும். அப்புறம் கத்தரித்துவிட்டு முதலிலிருந்து.

சரி, இந்த வேலையைச் செய்துகொண்டிருப்பவரிடம் 'என்ன செய்கிறீர்கள்?' என்று கேளுங்கள். 'கயிற்றமைப்புச் செய்கிறேன்' என்று பதில் வந்தால் அவருக்கு ஒரு தேத்தண்ணீர் கொடுத்து ஓய்வெடுக்கச் சொல்லவேண்டும். வாய்க்குள் நுழையாத சொல் என்பது சின்னக் குறை. வேலை எதையும் அது சொல்லவில்லை என்பது பெரிய குறை. யார் கட்டினார், எதில் கட்டினார், இறுகியிருக்கிறதா தளர்ந்திருக்கிறதா என்ற நினைவே அந்தச் சொல்லுக்குள் இல்லை. கயிறு எங்கேயோ 'அமைந்து' கிடக்கிறது, அவ்வளவுதான்.

இந்த 'அமைப்பு' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். தமிழில் எழுதுகிறவர்கள் விளங்காத பெயர்ச்சொல்லைக் கண்டவுடன் அதன் வாலில் அமைப்பை ஒட்டிவிடுகிறார்கள். சங்கம் அமைப்பு, கட்டடத்தின் உருவம் அமைப்பு, கைத்தொலைபேசியில் ஒலியைக் கூட்டிக் குறைப்பது அமைப்பு, அரசியல் யாப்பு அரசியலமைப்பு, ஊரில் நாலு பேர் சேர்ந்து பதாகை கட்டினால் அதுவும் அமைப்பு. நீர் வடிகிற வாய்க்காலை வடிகாலமைப்பு என்கிறார்கள். எங்கள் தோட்டக்காரரைக் கேட்டால் வாய்க்கால் என்பார். எதற்கும் பொருந்துகிற சொல் எதையும் பிரித்துக் காட்டாது. கயிற்றமைப்பு என்று ஒரு படத்தின் கீழே எழுதியிருந்தால் அது கப்பலா, தொங்குபாலமா, பந்தலா, மல்யுத்த மேடையா என்று படத்தைப் பார்த்துத்தான் அறியவேண்டும். 'கட்டமைப்பு' என்று இன்னொருவர் திருத்தினார். கட்டும் வந்தது, அமைப்பும் வந்தது, கயிறு போய்விட்டது.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஆங்கிலக்காரர் இந்த ஒரு சொல்லின் குடும்பத்தில் மூன்று வேலை வாங்குகிறார்கள். கப்பலில் இருக்கிற கயிறு முழுவதையும் அது குறிக்கும். அந்தக் கயிற்றைக் கட்டுகிற தொழிலைக் குறிக்கும். கப்பலின் பாய் எந்த விதத்தில் பூட்டப்பட்டிருக்கிறது என்ற வகையையும் குறிக்கும். இந்த மூன்றுக்கும் ஒரே தமிழ்ப் பெயர் தேடப்போனதால்தான் மொழிபெயர்ப்பாளர் அமைப்பில் போய் விழுந்தார். அவர்களுடைய சொல் மூன்று பிள்ளைகளைச் சுமந்தால் எங்களுடையதும் சுமக்கவேண்டும் என்று என்ன கட்டாயம்?

தொழிலுக்குப் பூட்டுதல் இருக்கிறது. வில்லுக்கு நாண் பூட்டுகிறோம், ஏர் பூட்டுகிறோம், வண்டியில் மாடு பூட்டுகிறோம். மரத்தையும் கயிற்றையும் சேர்த்து இழுவிசையோடு நிறுத்தி, வேலைக்கு ஆயத்தமாக்குவதுதான் இவற்றில் எல்லாம் நடக்கிறது. கப்பலுக்கும் அதேதான். 'கப்பலுக்குக் கயிறு பூட்டுகிறேன்' என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் விளங்கும். பூட்டு என்றால் திறப்புப் போடுகிற சாமான் அல்லவா என்று ஒருவர் மறுத்தார். ஏர் பூட்டியவரிடம் திறப்பு எங்கே என்று யாரும் கேட்டதில்லை.

மொத்தக் கயிற்றுக்குக் கயிற்றுக்கட்டு போதும். கட்டு என்பதில் கட்டிய கையும் இருக்கிறது, கட்டி முடிந்த பொருளும் இருக்கிறது. வகைக்குப் பாய்க்கட்டு: பருமல் என்ற குறுக்கு மரத்தில் தொங்குகிற பாய் என்றால் குறுக்குப் பாய்க்கட்டு, கப்பலின் நீளவாக்கில் நிற்பது நெடுக்குப் பாய்க்கட்டு. ஸ்கூனர், பிறிக் என்ற இரண்டு வகைப் பாய்க்கப்பல்களைப் பிரித்தறிவது உடலைப் பார்த்து அல்ல, இந்தப் பாய்க்கட்டைப் பார்த்துத்தான். அதைப்போய்க் 'கயிற்றமைப்பு வகை' என்று எழுதினால் வாசிக்கிறவர் கயிற்றைப் பார்ப்பாரே தவிரப் பாயைப் பார்க்கமாட்டார்.

நிற்கும், ஓடும் என்ற அடைமொழிகள் மிச்சம். பாய்மரத்தைப் பிடிக்கிற கறுப்புக் கயிற்றுக்கு ஆங்கிலத்தில் முதலாவது, பாயை ஏற்றி இறக்குகிற கயிற்றுக்கு இரண்டாவது. 'ஓடும்' என்பதை நான் எதிர்க்கவில்லை. கிணற்றடியில் கப்பியில் கயிறு ஓடுவதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. ஆங்கிலத்தைப் பார்த்து எழுதியிருந்தாலும் தற்செயலாகச் சரியாக விழுந்துவிட்டது, ஓடுகயிறு என்றே வைத்துக்கொள்ளலாம். 'நிற்கும்' தான் உதவாது. கயிறு எங்கே நிற்கிறது? மரம் நிற்கிறது, கயிறு அதை நிறுத்துகிறது. நிலைக்கயிறு என்பது திருத்தம்.

பழைய இலக்கியத்தில் சொல் இல்லையா என்று கேட்பவர்களுக்கும் ஒன்று உண்டு. மதுரைக்காஞ்சியில், கட்டுத்தறியை முறித்துக்கொண்டு போகிற யானைக்குப் புயலில் அகப்பட்ட நாவாயை உவமையாகச் சொல்கிற இடத்தில் 'வீங்குபிணி நோன்கயிறு' வருகிறது. இறுகப் பிணித்த வலிய கயிறு. அது அறுகிறது, 'இதை' என்ற பாய் காற்றில் அடித்துக்கொள்கிறது, கூம்பு என்ற பாய்மரம் அடியோடு முறிகிறது. நிலைக்கயிறு அறுந்தால் கப்பலில் என்ன நடக்கும் என்பதை இதைவிட ஒழுங்காக வரிசைப்படுத்த முடியாது. ஆனால் அந்தப் பிணியை இன்று எடுத்துக் 'கப்பலின் பிணி' என்று எழுதினால் வைத்தியரைக் கூப்பிடுவார்கள். கூம்பைத் திரும்பக் கொண்டுவர ஆசைப்படுகிறவர்களோடும் எனக்குச் சண்டையில்லை. பாய்மரம் உயிரோடு இருக்கும்வரை அதற்குத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

தூய்மைக்காரர்களோடு சண்டை வருகிற இடம் வேறு. குறுக்கு மரத்துக்குப் பருமல், பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிக்கிற கயிற்றுக்குத் தாமான், பருங்கயிற்றுக்கு ஆலாத்து, திருப்புகிற பலகைக்குச் சுக்கான் என்று கடலோடிகள் வைத்திருந்த சொற்களை எழுதினால், 'இவை தமிழா?' என்று கேட்டுவருகிறார்கள். சுக்கான் அரபு, தாமான் பாரசீகம், ஒத்துக்கொள்கிறேன். அரபுக்காரரும் தமிழரும் ஒரே கடலில் ஓடினார்கள், சொல் கைமாறாமல் இருந்திருந்தால்தான் அதிசயம். நாங்களும் சும்மா வாங்கிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. எங்கள் கட்டுமரம் ஆங்கிலத்தில் கற்றமறான் ஆகிவிட்டது, கயிற்றின் மலையாள உறவான கயர் அவர்களுடைய தும்புக்குப் பெயராகிவிட்டது. தாமானைத் தூக்கி எறிந்துவிட்டுப் 'பாய்க்கீழ்முனை இழுவைக்கயிறு' என்று எழுதச் சொல்பவர், காற்றடிக்கிற நேரம் அதைக் கத்திப் பார்க்கட்டும்.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய கப்பல்கள் நாகபட்டினத்துக்கும் ரங்கூனுக்கும் போய்வந்தது இந்தச் சொற்களைப் பேசிக்கொண்டுதான். அங்கே கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல் அன்னபூரணியை வில்லியம் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, புளோறன்ஸ் சி. றொபின்சன் என்று பெயர் மாற்றினார். 1938 ஓகஸ்டில் அது மசாசூசெற்சின் குளொஸ்ரர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. ஓட்டிச் சென்றவர்களில் வல்வெட்டித்துறைக்காரரும் இருந்தார்கள். இன்று அதே அன்னபூரணியின் மாதிரியைச் செய்ய ஆசைப்படுகிற பெடியனுக்கு நாங்கள் கொடுக்கிற தமிழ் 'நிற்கும் கயிற்றமைப்பு' என்றால், அவன் ஆங்கிலக் குறிப்பையே வாசித்துவிட்டுப் போவான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

ஒரு பிழை மட்டும் இயந்திரத்தின் தலையில் போட முடியாதது. 'பாய்மரத்தை விரித்துக் கப்பல் புறப்பட்டது' என்று கதை எழுதுகிறவர்களே எழுதுகிறார்கள். விரிவது பாய். பாய்மரம் அந்தப் பாயைத் தாங்குகிற மரம், அதை விரிக்கவேண்டுமானால் கோடரி வேண்டும். பாய்மரக் கப்பல் என்ற தொடரைக் கேட்டுக் கேட்டு, பாய்மரம்தான் அந்தத் துணிக்குப் பெயர் என்று நினைத்துவிட்டார்கள் போல. வல்வெட்டித்துறைப் பக்கம் பெரியவர்களிடம் பாயையும் மரத்தையும் மாற்றிச் சொன்னால் முகத்தைப் பார்த்தே நீங்கள் கடல் தெரியாதவர் என்று முடிவுகட்டுவார்கள்.

இறந்த கண்ணுக்கு வருகிறேன். அது சின்ன வட்டமான மரக்கட்டை, நடுவில் மூன்று துளை. பக்கக் கயிற்றின் கால் ஒன்றில் மேலே ஒன்று, கப்பலின் விலாவில் கீழே ஒன்று. துளைகளுக்குள்ளால் மெல்லிய கயிற்றை மாறிமாறிக் கோத்து இழுத்தால் பாய்மரம் இறுகி நிற்கும். துளைகள் மண்டையோட்டின் முகம்போலத் தெரிவதால் டெட் ஐ என்ற ஆங்கிலப் பெயர் வந்ததாகச் சொல்வது வழமை. தேங்காய் உரித்தவனுக்கு மூன்று கண் என்றால் மண்டையோடு ஞாபகம் வராது. முக்கண்கட்டை என்று நான் எழுதுகிறேன், கேட்டவர்கள் யாரும் விளக்கம் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் புளொக் எனப்படும் கப்பியைத் 'தொகுதி' என்றும் ஷிறவுட் எனப்படும் பக்கக் கயிற்றைச் 'சவச்சீலை' என்றும் அந்தக் குறிப்பில் போட்டிருந்தது. தம்பிக்குத் திருத்திய பிரதியை அனுப்பிவிட்டேன். ஒட்டுகிற வேலைக்கு முன்னால் முக்கண்கட்டையின் துளைகளை ஊசியால் ஒருமுறை துப்புரவாக்கவேண்டும் என்ற வரியையும் சேர்த்திருக்கிறேன், மூலத்தில் அது இல்லை.