போஸ்ட்டாக் முடிவதற்குள் போட வேண்டிய விண்ணப்பம்

மார்த்தாண்டம் பக்கம் ஒரு வீட்டுப் பிள்ளை அமெரிக்காவில் புற்றுநோய் ஆராய்ச்சி செய்கிறான் என்றால், அடுத்த கேள்வி "வேலை ஆயாச்சா?" என்பதுதான். அம்மா என்ன சொல்வார், பாவம்! டாக்டர் பட்டம் வாங்கியாயிற்று, சம்பளமும் வருகிறது. ஆனால் இன்னொருவரின் ஆய்வகத்தில், அவர் வாங்கிய நிதியில். இதுதான் போஸ்ட்டாக். அங்கிருந்து சொந்த ஆய்வகத்துக்கு நகர அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் தரும் நிதிதான் 'கே99/ஆர்00'. புற்றுநோய் ஆய்வுக்கு அதன் பிரிவான தேசியப் புற்றுநோய் நிறுவனம் தருகிறது.

கிரீன் கார்டு இருந்தால்தான் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். நாகர்கோவிலில் படித்துவிட்டு விசாவில் போனவரும் விண்ணப்பிக்கலாம். ஆய்வுக் காலம் முழுக்க விசா செல்லுமா என்பதை மட்டும் அவருடைய பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும்.

பணம் இரண்டு கட்டமாக வரும். முதல் கட்டம் கே99: வழிகாட்டியின் கீழ் அதிகபட்சம் 2 ஆண்டு. அடுத்தது ஆர்00: உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்த பிறகு 3 ஆண்டு வரை, ஆண்டுக்கு 2,49,000 டாலர் வரை. கேட்க பெரிய தொகைதான். ஆனால் சம்பளம் மட்டுமல்ல, பல்கலைக்கழகம் பிடித்துக்கொள்ளும் நிர்வாகச் செலவும் அதற்குள்ளேதான்.

ஆர்00 தானாக வந்துவிடாது. கே99-இல் குறைந்தது ஓராண்டு இருந்திருக்க வேண்டும், வேலை கையில் இருக்க வேண்டும், நிதி தரும் நிறுவனம் மறுபடியும் பரிசீலித்து ஒப்ப வேண்டும்.

சரி, எங்கே கோட்டை விடுவார்கள்? நான்கு வருடக் கணக்கில். விண்ணப்பிக்கும் நாளில் போஸ்ட்டாக் அனுபவம் 4 ஆண்டைத் தாண்டக் கூடாது. முதல் முறை கிடைக்காமல் திருத்திப் போடும் விண்ணப்பத்துக்கும் இதே கெடுதான். பரிசீலனை முடிந்து பதில் வரவே பல மாதம் ஆகும். அதனால் நான்காம் ஆண்டில் முதல் விண்ணப்பம் போடுபவருக்கு இரண்டாம் வாய்ப்பு அநேகமாக இல்லை. இரண்டாம் ஆண்டு முடியும்போதே எழுத உட்கார்ந்துவிடுவது நல்லது என்பேன். இடையில் பிள்ளை பெற்ற பெண்கள் கேட்டால் ஓராண்டு வரை நீட்டித்துத் தருகிறார்கள். வெட்கப்படாமல் கேட்க வேண்டும்.

அப்புறம், ஊர் ஆசை. நம் மாவட்டத்தில் புற்றுநோய் என்றாலே திருவனந்தபுரத்தில் உள்ள மண்டலப் புற்றுநோய் மையமான ஆர்.சி.சி.க்குத்தான் பஸ் ஏறுகிறோம். அந்தப் பக்கமே ஒரு ஆய்வகம் அமைக்கலாம் என்று தோன்றினால், ஆர்00 பணம் உங்களோடு கூடவே வராது. அது அமெரிக்க நிறுவனங்களுக்கு மட்டும். அதற்கு நம் மத்திய அரசின் ராமானுஜன் ஃபெலோஷிப் இருக்கிறது: 5 ஆண்டு, மாதம் 1,35,000 ரூபாய், ஆய்வுக்கு ஆண்டுக்கு 7 லட்சம், வயது 40-க்குள். ஆனால் அது வெளிநாட்டில் பணியில் இருப்பவர்களுக்கானது. வேலையை விட்டுவிட்டு, வீட்டில் இருந்தபடி நிதானமாக விண்ணப்பிக்கலாம் என்று டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.