காரீயம் சல்லிசு, தோட்டா ஏன் இந்த விலை?

வியாசர்பாடி, புதுவண்ணாரப்பேட்டை பக்கம் பழைய பேட்டரியை எடை போட்டு எடுக்கும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அந்தப் பேட்டரிக்குள் இருக்கும் காரீயம்தான் தோட்டாவின் குண்டிலும் இருக்கிறது. வடசென்னையிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு பிஸ்டல் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளின் அப்பாக்கள் கேட்கும் கேள்வி அதனால் நியாயமானது: காரீயம் இங்கே கிலோக்கணக்கில் புழங்குகிறது, தோட்டா விலை மட்டும் ஏன் ஏறிக்கொண்டே போகிறது?

முதலில் கணக்கைப் போட்டுவிடலாம். 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் சுடுவது .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) என்ற சின்னத் தோட்டா. அதன் குண்டு 2.6 கிராம். 2024 வாக்கில் உலகச் சந்தையில் காரீயம் டன்னுக்கு ஏறக்குறைய 2,000 டாலர். டாலரை 85 ரூபாய் என்று வைத்தால் கிலோ 170 ரூபாய், ஒரு குண்டுக்கு 44 காசு. குண்டையும் மருந்தையும் தாங்கும் பித்தளைக் கூடு முக்கால் கிராம்கூட இருக்காது. அதில் எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். அதற்கு இன்னொரு 40 காசு போடுங்கள். ஆக மொத்த உலோகமும் ஒரு ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. கடையில் கொடுக்கும் விலை இதைப்போலப் பல மடங்கு. அப்படியென்றால் பணம் எங்கே போகிறது?

ஒரு பங்கு, அந்தக் கூட்டைச் செய்வதில் போகிறது. சுடும் நொடியில் .22 கூட்டுக்குள் காற்றழுத்தத்தைப் போல 1,600 மடங்குக்கு மேல் அழுத்தம் ஏறும். கூடு விரிந்து துப்பாக்கிக் குழலின் சுவரோடு ஒட்டி, வாயு பின்பக்கம் கசியாமல் அடைக்க வேண்டும். அடுத்த கணம் சுருங்கி, எளிதாக வெளியே வரவும் வேண்டும். இந்த இரண்டையும் பித்தளை நன்றாகச் செய்கிறது. ஆனால் பித்தளையைக் கிண்ணமாக அழுத்தி நீட்ட நீட்ட அது இறுகிப்போகும். சூடாக்கி இளக்கிவிட்டுத்தான் மறுபடி நீட்ட முடியும். இதற்கென்றே செய்த பிரஸ் வரிசைகள் வேண்டும். அவற்றை வேறு வேலைக்கும் திருப்ப முடியாது.

அடுத்தது பிரைமர், தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்து. என் கணக்கில் விலையின் சூட்சுமம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. தீபாவளித் துப்பாக்கியில் சுத்தியல் பட்டதும் பட்டென்று வெடிக்கும் ரோல் கேப் நினைவிருக்கிறதா? பிரைமரும் அந்த ஜாதிதான், அடி பட்டால் தீ. .22 தோட்டாவில் அந்த மருந்து நடுவில் இருப்பதில்லை. கூட்டின் அடிப்பக்கம் வெளியே பிதுங்கியிருக்கும் விளிம்பின் மடிப்புக்குள் இருக்கிறது. மருந்தை ஈரப் பசையாகக் கூட்டுக்குள் இட்டு, கூட்டை அதிவேகமாகச் சுழற்றுவார்கள். பசை ஓரத்துக்கு ஓடி, விளிம்பு முழுக்கப் பரவிக்கொள்ளும். பிறகு காயவைப்பார்கள். ஈரமாக இருக்கும்வரை அது சாது. காய்ந்துவிட்டால் உரசலே போதும்.

அதனால்தான் பிரைமர் பிரிவில் எதையும் அவசரப்படுத்த முடியாது. ஒரு அறையில் எவ்வளவு மருந்து இருக்கலாம், சுவர் எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும், கட்டடத்துக்குக் கட்டடம் எவ்வளவு இடைவெளி என்பதற்கெல்லாம் விதி உண்டு. சட்டைக்குத் தேவை கூடினால் இன்னும் நாலு மெஷினைப் போட்டு இரவு ஷிஃப்ட் ஓட்டிவிடலாம். பிரைமருக்கு அது நடக்காது. விளிம்பில் ஓரிடத்தில் பசை குறைந்துபோய், ஃபயரிங் பின் (துப்பாக்கியில் தோட்டாவை இடிக்கும் ஊசி) சரியாக அங்கேயே இடித்தால் தோட்டா பற்றாது. மலிவு .22 தோட்டாவில் அவ்வப்போது 'டிக்' என்ற சத்தத்தோடு ரவுண்டு (ஒரு தோட்டா) வெடிக்காமல் நின்றுபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பிரைமரின் தீயில் எரிந்து குண்டைத் தள்ளுவது உந்துமருந்து. அதன் மூலப்பொருள் நைட்ரோசெல்லுலோஸ். பருத்திக்கொட்டையில் ஒட்டியிருக்கும் குட்டைப் பஞ்சை அமிலத்தில் ஊறவைத்து எடுப்பது. நம் நீலகிரியில் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை நூறாண்டுக்கு மேலாக உந்துமருந்து செய்துவருகிறது. ஒரு .22 ரவுண்டுக்கு இது 0.1 கிராம் அளவே தேவை. ஆனால் பீரங்கிக் குண்டைத் தள்ளும் மருந்துக்கும் இதே நைட்ரோசெல்லுலோஸ்தான் அடிப்படை. 2022இல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு, அதை வாங்க நிற்கும் வரிசையில் பொழுதுபோக்காகச் சுடுகிறவர் கடைசி ஆளாகிவிட்டார்.

உலோகம் எவ்வளவு சின்னக் காரணம் என்பதற்கு அமெரிக்காவின் 2020ஆம் ஆண்டு நல்ல சாட்சி. அங்கே சாதாரண மக்களும் சுடும் 9 மி.மீ. தோட்டாவில் கூடும் குண்டின் மேலுறையும் சேர்ந்து சுமார் 3.6 கிராம் செம்பு இருக்கும். (நம் நாட்டில் அந்த 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட ரகம், சாதாரண உரிமத்தில் கிடைக்காது.) 2020 மார்ச்சில் டன் 5,000 டாலருக்குக் கீழே இருந்த செம்பு, 2021 மே மாதம் 10,000 டாலரைத் தாண்டியது. அதாவது இரட்டிப்பு. அதனால் ஒரு தோட்டாவுக்குக் கூடியது இரண்டு சென்ட்கூட இல்லை. ஆனால் 20 சென்ட்டுக்குள் கிடைத்த மலிவு ரவுண்டு 60 சென்ட்டைத் தாண்டிப் போனது. கொரோனா, தேர்தல், கலவரம் என்று பயந்து கிடந்த நாட்டில் அந்த ஒரே ஆண்டில் துப்பாக்கி வாங்குவது தொடர்பான பின்னணிச் சோதனைகள் ஏறக்குறைய 4 கோடி நடந்தன. அதே ஆண்டு ஜூலையில் பெரிய தோட்டா உற்பத்தியாளர்களில் ஒன்றான ரெமிங்டன் திவாலானது. வாங்க வந்த கூட்டம் பெருத்தது, செய்கிற ஆலை பெருகவில்லை. நடுவில் நின்ற விலை ஏறியது, அவ்வளவுதான்.

பிறகு ஆன்டிமனி என்ற தனிமத்தின் முறை வந்தது. காரீயத்தில் கொஞ்சம் கலந்தால் குண்டு கெட்டிப்படும். அதன் சல்ஃபைடு பிரைமரிலும் சேர்கிறது. இதை வெட்டி எடுப்பதில் சீனாதான் முதலிடம். 2024 செப்டம்பரில் ஏற்றுமதிக்கு அது கட்டுப்பாடு போட்டதும் சீனாவுக்கு வெளியே விலை பறந்தது.

போட்டிக்குப் பயிற்சி எடுக்கிற நம் பிள்ளைகள் சுடும் .22 பெரும்பாலும் ஜெர்மனி, இங்கிலாந்து சரக்கு. அங்கே விலை அசையாமல் இருந்தாலும் இங்கே ஏறும். 2014இல் டாலர் 60 ரூபாயை ஒட்டி இருந்தது, 2024 முடிவில் 85. மூன்று துறைமுகங்களை வாசலில் வைத்திருக்கும் வடசென்னைக்காரருக்குக் கன்டெய்னர் புதிதல்ல. ஆனால் தோட்டா அபாயச் சரக்குப் பட்டியலில் வருவது. சில கப்பல் நிறுவனங்கள் அதை ஏற்றுவதே இல்லை. ஏற்றுவதற்குத் தனி ஆவணம், இறக்கியபின் தனிக் கிடங்கு, பிறகு உரிமத்தில் எழுதியிருக்கும் ஆண்டு வரம்பு. 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கி, கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்ற ஆரம்பித்தபோது ஐரோப்பியச் சரக்குக்கு நாளும் வாடகையும் சேர்ந்தே கூடின.

விலையின் இன்னொரு அடுக்கு, வாங்குகிறவர் தானாகக் கூட்டிக்கொள்வது. பெயர்பெற்ற போட்டித் தோட்டாக்களில் உயர்ந்த ரகமும் அதற்கடுத்த ரகமும் பல சமயம் ஒரே வரிசையில்தான் பிறக்கின்றன. ஒவ்வொரு லாட்டையும் (ஒரே தடவையில் செய்த தொகுதி) அசையாமல் பூட்டிய குழலில் சுட்டுப் பார்த்து, துளைகள் நெருங்கி விழுந்ததற்கு உயர்ந்த பெயரும் விலையும் வைக்கிறார்கள். இந்த நெருக்கம் 50 மீட்டர் ரைஃபிளுக்கு உயிர். அந்த இலக்கில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ.தான். 25 மீட்டர் பிஸ்டலின் துல்லியச் சுற்று இலக்கிலோ அது 50 மி.மீ. பாதித் தூரம், ஏறக்குறைய ஐந்து மடங்கு அகலம்! ஆகவே பிஸ்டலுக்கு ரைஃபிள்காரரின் பெட்டியை வாங்குவது காசைக் கரைப்பதுதான் என்பேன். பிஸ்டலுக்கு முக்கியம், ஒவ்வொரு ரவுண்டும் ஒரே விசையோடு வெடித்து, ஸ்லைடை (பிஸ்டலில் முன்னும் பின்னும் ஓடும் பகுதி) தள்ளி, அடுத்த ரவுண்டைத் தடங்கலின்றி ஏற்றுவது. நடுத்தர ரகத்தில் உங்கள் பிஸ்டலுக்கு ஒத்துப்போகும் லாட்டைக் கண்டுபிடித்து அதையே வாங்கிவைப்பது புத்திசாலித்தனம். சுட்ட .22 கூட்டை மறுபடி நிரப்பிக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பதுண்டு. விளிம்பே நசுங்கிவிட்டதால் அது உருப்படியான வழி இல்லை. உரிமமின்றித் தோட்டா செய்வது இங்கே குற்றமும்கூட.

இதற்கெல்லாம் தப்பித்தவர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல்காரர். பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் இரண்டு வெண்கலமும் அந்தத் தூரத்தில் வந்தவைதான். அதில் போடும் 4.5 மி.மீ. பெல்லட் அரை கிராம் காரீயம், அவ்வளவே. பித்தளை இல்லை, உந்துமருந்து இல்லை, பிரைமர் இல்லை, கப்பலில் வெடிச்சரக்கு என்ற முத்திரையும் இல்லை. 500 பெல்லட் உள்ள டப்பாவில் காரீயத்தின் மதிப்பு 45 ரூபாயைத் தொடாது. போட்டிக்குத் தனித்தனியாகப் பொறுக்கி அடுக்கிய பெல்லட் என்றால் விலை அதிகம்தான், ஆனால் .22 பக்கம் நெருங்காது. 25 மீட்டருக்குப் பழகுகிறவர்களும் பிடி, மூச்சு, டிரிகர் மூன்றையும் பெல்லட்டிலும் வெறும் டிரிகர் பயிற்சியிலும் (தோட்டா போடாமல் டிரிகரை மட்டும் இழுப்பது) உருவாக்கிக்கொண்டு, .22 ரவுண்டுகளை வேகச் சுற்றுக்கும் உதைப்பைப் பழகுவதற்கும் வைத்துக்கொள்ளலாம். வெறும் டிரிகருக்கு முன் இரண்டு விஷயம்: பிஸ்டலில் ரவுண்டு உட்காரும் அறையில் எதுவும் இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். .22இல் அந்த அறை காலியாக இருந்தால் ஃபயரிங் பின் நேராகக் குழலின் ஓரத்தில் போய் இடிக்கக்கூடும் என்பதால், பிஸ்டலில் அதற்கான தனி வசதி இருக்கிறதா என்று கோச்சிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.