பஸ் வீட்டின் சுவருக்குள் சேரும் தண்ணீர்

பழைய ஸ்கூல் பஸ்ஸை வாங்கி, நம் கையாலேயே வீடாக மாற்றலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கட்டில் எங்கே, சிங்க் எங்கே என்று காகிதத்தில் கோடு போடுவதில்தான் ஆரம்பிக்கிறார்கள். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மூடிய இரும்புப் பெட்டிக்குள் மனிதர்கள் சமைத்து, குளித்து, தூங்கினால் என்ன ஆகும் என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். கூரை ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும், அடைத்துவிடலாம். நம் மூச்சிலிருந்து வரும் தண்ணீர் அப்படி இல்லை. அழகாக அடித்த பலகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, யாருக்கும் தெரியாமல் தகரத்தை அரிக்கும்.

தூங்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 40 கிராம் நீராவியை வெளிவிடுகிறார். இரண்டு பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் அரை லிட்டருக்கும் மேல். கேஸ் அடுப்பு இதைவிட மோசம், 1 கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளியே வரும் (எரிவாயுவில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால், எரியும் வாயுவைவிடப் பிறக்கும் தண்ணீர் கனம்). இவ்வளவும் காற்றில்தான் தங்க வேண்டும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று 17 கிராம் நீராவி வரை தாங்கும், 0 டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. உள்ளே 20 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் (அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் இப்போது இருக்கும் பங்கு) 60 சதவீதம் என்றால், 12 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பைத் தொட்டாலும் அந்தக் காற்று தண்ணீரை உதிர்த்துவிடும். குளிர் இரவில் பஸ்ஸின் வெளித்தகடு அதைவிடச் சில்லென்றுதான் இருக்கும்.

அதனால்தான் வெப்பத்தடுப்பு விஷயத்தில் அவசரப்படக் கூடாது. இரும்பு, வெப்பத்தைத் தடுக்கச் சுவருக்குள் வைக்கும் பாலியூரித்தேன் ஃபோமைவிட ஏறத்தாழ 2000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். பஸ்ஸின் கூடு, வளைந்த இரும்பு விலா எலும்புகளின் மேல் தகடு அடித்துச் செய்தது. விலாக்களுக்கு நடுவே ஃபோமை நிரப்பிவிட்டு, பிளைவுட்டை நேராக அந்த இரும்பின் மேலேயே முடுக்கினால் வெப்பம் ஃபோமைச் சுற்றிக்கொண்டு விலா வழியாகப் போய்விடும். குளிர்காலக் காலையில் உள்சுவரில் வரிவரியாக ஈரக்கோடு தெரிகிறதா, அந்தக் கோடு ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு விலா இருக்கும். விலாக்களின் மேலும் இடைவெளி இல்லாமல் ஒரு மெல்லிய ஃபோம் அடுக்கு ஓட வேண்டும், பலகை அதற்கு மேல்தான்.

கண்ணாடி இழைப் பஞ்சு வீட்டுச் சுவருக்கு நல்ல பொருள்தான், பஸ்ஸுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். காற்று அதற்குள் புகுந்து போகும், நீராவியும் கூடவே போய்க் குளிர்ந்த தகட்டில் தண்ணீராகும், பஞ்சு அதைக் குடித்து வைத்துக்கொள்ளும். பழைய பஸ்ஸின் உட்கூரைத் தகட்டைக் கழற்றினால் பல நேரம் இந்தப் பஞ்சு ஈரமும் பூஞ்சையுமாக இருக்கும், ஆகவே ஸ்க்ரூவும் ரிவிட்டும் எத்தனை இருந்தாலும் அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஆவியை விடாத ஸ்ப்ரே ஃபோமைத் தகட்டோடு ஒட்ட அடிப்பது, அல்லது ஃபோம் பலகையை விளிம்பு முழுக்க அடைத்து ஒட்டுவது, இரண்டில் ஒன்று.

ஜன்னல்களை நிறையப் பேர் விட மனசில்லாமல் அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். ஒற்றைக் கண்ணாடி ஒரு சதுர மீட்டர் இழக்கும் வெப்பம், 5 செ.மீ. ஃபோம் போட்ட சுவரைப் போலப் பத்து மடங்குக்கு மேல். பாதி ஜன்னலையாவது தகடு வைத்து மூடிவிடுவது நல்லது. மூடிய பிறகும் ஈரம் வெளியே போக வழி வேண்டும், கூரையில் ஒரு விசிறி. வெளியே 0 டிகிரியில் மழை கொட்டினாலும் அந்தக் காற்றை உள்ளே விடுவது பஸ்ஸை உலர்த்தவே செய்யும், ஏனென்றால் முழுக்க நனைந்த அந்தக் குளிர்காற்று 20 டிகிரிக்குச் சூடானதும் அதன் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும்.

தரையையும் பிரிக்காமல் விடக் கூடாது. ரப்பர் விரிப்பு, அதன் அடியில் பிளைவுட், அதற்கும் கீழே துரு. உதிர்கிற துருவைச் சுரண்டிவிட்டு பாஸ்போரிக் அமிலம் பூசினால், மிச்சமுள்ள இரும்பு ஆக்சைடு இரும்பு பாஸ்பேட்டாக மாறி பெயின்ட் பிடிக்கும். சீட் போல்ட் இருந்த ஓட்டை ஒவ்வொன்றையும் அடையுங்கள், எஞ்சின் புகையும் அதிலிருக்கும் கார்பன் மோனாக்சைடும் அந்த வழியாக உள்ளே வரலாம்.

கூரையை உயர்த்த நினைத்தால் ஒன்று யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் 1977 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, பெரிய ஸ்கூல் பஸ்ஸின் கூரை, காலி பஸ்ஸின் எடையைப் போல ஒன்றரை மடங்கு பாரத்தைத் தாங்க வேண்டும். பஸ் உருண்டாலும் உள்ளே இருக்கும் குழந்தைகள் நசுங்காமல் காப்பது அந்த விலாக்கள்தான். அவற்றை அறுத்து நீட்டுவது வெல்டிங் முறையாகத் தெரிந்தவர் வேலை.

ஓடும் வீடு என்பதால் அதிர்வும் சேர்ந்துகொள்கிறது. வீட்டு வயரிங்கில் சில நாடுகளில் போடும் ஒற்றைக் கம்பிச் செம்பு ஓயாமல் அசைந்தால் கடினமாகி ஒருநாள் முறியும், பல இழை முறுக்கிய வயர்தான் இங்கே சரி.

மின்சாரக் கணக்கும் கடைசியில் வெப்பத்தில்தான் போய் நிற்கிறது. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 1280 வாட்-மணி இருக்கும். சின்ன 12 வோல்ட் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 400, 500 வாட்-மணி எடுக்கும், அது பரவாயில்லை. 1000 வாட் ஹீட்டரையோ ஏசியையோ போட்டால் அதே பேட்டரி ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் தாங்கும். பேட்டரிக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கை முதலிலேயே ஃபோமில் போட்டிருந்தால் மிச்சம். அப்புறம், 12 வோல்ட்டில் 1200 வாட் வேண்டுமென்றால் 100 ஆம்பியர் ஓடும், 240 வோல்ட்டில் 5 ஆம்பியர் போதும். ஒரே வயரில் ஓடினால் சூடாகி வீணாவது மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் வித்தியாசம் 400 மடங்கு. அதனால் பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே கேபிள் தடிமனாகவும் குட்டையாகவும் இருக்கட்டும், ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். இந்த வகை பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெடும், ஆகவே அதையும் வெப்பத்தடுப்புக்கு உட்பக்கமே வையுங்கள்.

எடை விஷயத்தில் சீட்டுகளைக் கழற்றியதால் கிடைத்த மிச்சத்தைத் தண்ணீர்த் தொட்டி சீக்கிரமே தின்றுவிடும், 300 லிட்டர் என்றால் 300 கிலோ. தொட்டியை இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே, தாழ்வாக, இடமும் வலமும் பாரம் சமமாகும்படி வையுங்கள். எல்லாச் சாமானும் ஏற்றி, தொட்டியும் நிரம்பிய பிறகு எடை மேடையில் முன் ஆக்சிலைத் தனியாகவும் பின் ஆக்சிலைத் தனியாகவும் நிறுத்திப் பாருங்கள், தயாரிப்பாளர் குறித்த வரம்புக்குள் இரண்டும் இருந்தால் அந்த எடைக்கு ஏற்ற காற்றழுத்தத்தை டயரில் வைத்துவிட்டுப் புறப்படலாம்.